நாலாங்கிளாஸ் மிஷன் பாடத்துல ஆளுங்களைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்புல கலிஃபோர்னியா மிஷன் சர்ச்சுகளைப் பத்தி வந்த சுற்றுலா கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் சூப்பரா இருந்துச்சு, போக்குவரத்து தகவலும் சரியா இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு வரி வருது பாருங்க, ஸ்பெயின்லேர்ந்து வந்த பாதிரியாருங்க அங்க இருந்த பழங்குடி மக்களுக்கு விவசாயமும் கைத்தொழிலும் கத்துக்குடுத்து முன்னேத்தினாங்கன்னு, அதப் படிச்சதும் தான் சரி எழுதிடுவோம்னு உக்காந்தேன். கட்டுரை எழுதினவர் மேல எனக்கு கோவமே இல்ல, ஏன்னா இங்கயே பொறந்து இங்கயே படிச்ச பெரியவங்களைக் கேட்டாலும் பல பேரு இதையே தான் சொல்லுவாங்க, அவங்களுக்கு ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க.

நான் இருக்கிறது ஃப்ரீமான்ட்ல, சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கம், தமிழாளுங்க ஏகப்பட்ட பேர் இருக்கிற ஊரு. மிஷன்னா ஸ்பெயின் பாதிரியாருங்க பூர்வகுடி மக்களை மதம் மாத்தி வேலை வாங்குறதுக்காக சர்ச்சும் பண்ணையுமா அமைச்ச குடியிருப்பு, மொத்தம் இருந்த 21ல 14வது மிஷன் இங்க தான் இருக்கு, மிஷன் சான் ஹொசேன்னு பேரு, 1797 ஜூன்ல ஆரம்பிச்சது. அதே பேர்ல ஒரு ஏரியா இருக்கு, அங்க ஸ்கூல் நல்லா இருக்குன்னு நம்ம ஆளுங்க கழுத்து வரைக்கும் கடன் வாங்கி வீடு வாங்குவாங்க, ஒரு சின்ன வீடு என்ன விலைன்னு ஊர்ல சொன்னா சிரிப்பாங்க. வீக்கெண்டுன்னா மிஷன் பீக் மலை ஏறுவோம், ஆபீஸ் போறது வர்றது மிஷன் புலவார்ட் வழியா, பிள்ளைங்க பெருசானா காலேஜ் கிளாஸ் எடுக்கப் போறது ஓலோனி காலேஜுக்கு. அந்த மிஷன்ல யாரு இருந்தாங்க, ஓலோனின்னா யாருன்னு கேட்டுப் பாருங்க, “ஏதோ பழைய சர்ச்ங்க”ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ஊர்ல இருக்கிறவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். கலிஃபோர்னியாவுல நாலாங்கிளாஸ்னா மாநில வரலாறு தான் சோஷியல் பாடம். அதுல ரொம்ப காலமா ஒரு சடங்கு மாதிரியே நடந்துச்சு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மிஷனை எடுத்துக்கிட்டு சுகர் க்யூப், ஐஸ் குச்சி, தெர்மோகோல்னு எதையாவது வச்சு மாடல் கட்டி கொண்டு போகணும். கிராஃப்ட் கடையில ரெடிமேட் கிட்டே கிடைக்கும். நம்ம அப்பாக்களைப் பத்திக் கேக்கவே வேணாம், ப்ராஜெக்ட் பிள்ளையோடதுன்னு பேரு தான், ராத்திரி பன்னெண்டு மணிக்கு க்ளூ கன்னை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது பெரிய கம்பெனில வேலை பாக்குற சீனியர் இன்ஜினியர், ஓடு வேய்றதுக்கு லசானியா பாஸ்தா, மணிக்கூண்டுக்குள்ள எல்இடி லைட்டு, முன்னாடி தோட்டத்துக்கு பச்சை ஸ்பாஞ்சு. பக்கத்து வீட்டுப் பையன் 3டி பிரின்ட் பண்ணிட்டு வந்துட்டான்னு தெரிஞ்சா அன்னைக்கு வீட்ல சண்டையே வரும். நான் பாத்த மாடல்கள்ல மணி இருக்கும், சிலுவை இருக்கும், கிணறு இருக்கும், ஆடு மாடு கூட இருக்கும், அந்தச் செங்கலை மிதிச்சு அறுத்து சுமந்து கட்டினவன் ஒருத்தன் கூட இருக்க மாட்டான்.

2016ல மாநில கல்வித்துறை வெளியிட்ட பாட வழிகாட்டியிலயே இந்த மாடல் கட்டுற வேலை பிள்ளைங்களுக்கு அந்தக் காலத்தைப் புரிய வைக்காது, நிறைய பேருக்கு மனசு நோகவும் செய்யுதுன்னு எழுதியாச்சு. எழுதினா போதுமா சொல்லுங்க. டீச்சர் மாறணும், கிட் விக்கிற கடை மாறணும், அண்ணனுக்கு செஞ்சோம் தங்கச்சிக்கும் செய்யணும்னு நினைக்கிற நாமளும் மாறணும். பல ஸ்கூல்ல நின்னுடுச்சு, சில இடத்துல பேரை மாத்தி வேற மாதிரி ஓடிட்டிருக்கு. அது போயிட்டு அந்த இடத்துல என்ன வந்துச்சுங்கிறது தான் என் கேள்வி, ஏன்னா சில கிளாஸ்ல ஒண்ணுமே வரல, மாடலுக்குப் பதிலா ஒரு பக்கம் ஒர்க்‌ஷீட்டு, அவ்ளோ தான்.

சரி நடந்தது என்னன்னு சுருக்கமா சொல்றேன். ஓலோனி மக்கள் இந்த வளைகுடா கரையில ஆயிரக்கணக்கான வருஷமா இருந்தவங்க, ஒரே ராஜ்ஜியம் இல்ல, சின்னச் சின்ன ஊரு, ஊருக்கு ஊரு பேச்சு மாறும். அவங்களுக்கு விவசாயம் தெரியாதுன்னு சொல்றது ஏர் ஓட்டினா தான் விவசாயம்னு நினைக்கிறவங்க கணக்கு. வருஷா வருஷம் புல்வெளிய பக்குவமா கொளுத்தி விட்டு அடுத்த வருஷம் விதை நல்லா வர்ற மாதிரி பாத்துப்பாங்க, ஓக் மரத்துக் கொட்டைய சேத்து வச்சு அரைச்சு கஞ்சி காய்ச்சுவாங்க. ஸ்பெயின்காரங்க வந்தப்புறம் அவங்க மாடும் குதிரையும் அந்தப் புல்லையும் விதையையும் மேஞ்சு தீத்துடுச்சு, 1793ல ஸ்பெயின் கவர்னர் தீ வைக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டாரு, புதுப் புது வியாதி வேற வந்துச்சு, சாப்பாடு போச்சு, சொந்தக்காரங்க செத்தாங்க, அப்ப மிஷன் வாசல்ல போய் நிக்கிறதத் தவிர வேற வழி இல்லாம போச்சு பல பேருக்கு. அப்படிப் போய் ஞானஸ்நானம் வாங்கிட்டா முடிஞ்சுச்சு, பாதிரியார் அனுமதி இல்லாம ஊருக்குப் போக முடியாது, ஓடிப் போனா குதிரையில சோல்ஜர் வந்து இழுத்துட்டு வருவான், சாட்டையடி உண்டு. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களை ராத்திரி ஒரு கூடத்துல வச்சு வெளிய பூட்டிடுவாங்க. காத்து இல்லாத அந்தக் கூடத்துல ஒருத்திக்கு வந்தா எல்லாருக்கும் வரும், 1806ல தட்டம்மை பரவினப்ப இந்த ஏரியா மிஷன்கள்ல பிள்ளைங்களும் பொம்பளைங்களும் கொத்துக் கொத்தா செத்தாங்க.

மிஷன்லேர்ந்து கொஞ்ச தூரம் போனா வாஷிங்டன் புலவார்ட் ஓரத்துல ஒரு சின்ன புல் மேடு இருக்கு, கார்ல போனா கண்ணுல படாது, நிறுத்திப் பாத்தா தான் தெரியும். அது ஓலோனி கல்லறை. ஒரு கல்லு வச்சிருக்காங்க, மிஷனைக் கட்ட பாதிரியாருங்களுக்கு உதவின நாலாயிரம் ஓலோனி மக்கள் இங்க தூங்குறாங்கங்கிற மாதிரி வாசகம். நாலாயிரம் பேருங்க! ஒரு சர்ச்சு, அதச் சுத்தி கொஞ்சம் கட்டடம், முப்பது நாப்பது வருஷம், நாலாயிரம் சாவு. எதுனால செத்தாங்க எத்தனை குழந்தைங்கன்னு அந்தக் கல்லுல ஒரு வார்த்தை இல்ல. மிஷன் சர்ச்சுக்கு ஸ்கூல் பஸ் பஸ்ஸா பிள்ளைங்க வரும், இந்த மேட்டுக்கு நான் பாத்த வரைக்கும் ஒரு பஸ் வந்து நின்னதில்ல.

இதச் சொன்னா உடனே ஒரு பதில் ரெடியா இருக்கும், அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் இருந்தாங்க, இன்னைய கண்ணோட்டத்துல பாக்கக் கூடாதுன்னு. அந்தக் காலத்து ஆளுங்களே என்ன சொன்னாங்கன்னு பாப்போமா. 1786ல லா பெரூஸ்னு ஒரு பிரெஞ்சு கப்பல் தலைவர் மான்டெரே மிஷனுக்கு வந்துட்டு, எங்க கரீபியன் தீவுல அடிமைங்களை வச்சு நடத்துற தோட்டத்தை பாத்த மாதிரியே இருக்குன்னு எழுதி வச்சிருக்காரு. 1798ல ஓர்ரான்னு ஒரு பாதிரியார், மிஷன் சான் மிகேல்ல இருந்தவரு, இங்க இந்த மக்களை நடத்துற மாதிரி கொடுமைய நான் வரலாத்துலயே படிச்சதில்லன்னு மெக்ஸிகோவுல இருந்த வைஸ்ராய்க்கே புகார் எழுதினாரு, அவருக்குப் பைத்தியம்னு சொல்லி அனுப்பி வச்சுட்டாங்க. ஆக அன்னைக்கே தப்புன்னு சொன்னவங்க இருந்தாங்க, அடி வாங்கினவனுக்கு அது தப்புன்னு தெரியாமலா இருக்கும்.

இன்னொண்ணு, பழி எல்லாத்தையும் ஸ்பெயின் மேல போட்டுட்டு அமெரிக்கா வந்ததும் விடிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறது அடுத்த தப்பு. கோல்ட் ரஷ், அதாவது தங்கம் கிடைக்குதுன்னு கூட்டம் கூட்டமா ஆளுங்க இங்க வந்த காலம், அந்தப் பாடம் எவ்ளோ ஜாலியா நடத்துவாங்க தெரியுமா, தட்டுல மண்ணை அலசி தங்கம் தேடுற விளையாட்டு, தொப்பி போட்டுக்கிட்டு பாட்டு எல்லாம் உண்டு. அதே நேரத்துல 1850ல இந்த மாநிலம் போட்ட சட்டம் ஒண்ணு, பேரு என்னவோ இந்தியர்களை (பூர்வகுடிகளை அப்ப அப்படித்தான் சொல்லுவாங்க) பாதுகாக்கிற சட்டம், உள்ள இருக்கிறது வேலை வெட்டி இல்லாம சுத்துறான்னு ஒரு பூர்வகுடி ஆளைப் பிடிச்சு ஏலத்துல விட்டு வேலை வாங்கலாம், அவங்க பிள்ளைங்கள வெள்ளைக்காரன் வீட்டுல வேலைக்கு எழுதி வாங்கிக்கலாம், வெள்ளைக்காரன் தப்பு பண்ணினா பூர்வகுடி சாட்சிய வச்சு தண்டிக்க முடியாது. 1851 ஜனவரில மாநிலத்தோட முதல் கவர்னர் பீட்டர் பர்னெட் சட்டசபைக்கு, இந்த இனம் அழியிற வரைக்கும் யுத்தம் நடந்துக்கிட்டே தான் இருக்கும்னு சொன்னாரு, ரகசியமா இல்ல, ஆண்டு உரையில. கூலிப்படைக்கு மாநிலமே பத்து லட்சம் டாலருக்கு மேல செலவு பண்ணிச்சு, பின்னாடி அதுல பெரும்பகுதிய வாஷிங்டன் திருப்பிக் குடுத்துச்சு. 1851, 52ல பூர்வகுடிகளோட 18 ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கான ஏக்கர் உங்களுக்குன்னு கையெழுத்து வாங்கினாங்க, அமெரிக்க செனட் அத ஒத்துக்காம ஓரங்கட்டி பூட்டி வச்சிடுச்சு, 1905 வரைக்கும் வெளிய வரவே இல்ல, அந்த ஐம்பது வருஷத்துல நிலம் எல்லாம் கை மாறிடுச்சு. 1840கள்ல சுமார் ஒன்றரை லட்சமா இருந்த கலிஃபோர்னியா பூர்வகுடி மக்கள் தொகை 1870 வாக்குல சுமார் முப்பதாயிரம். இதெல்லாம் எந்த ரகசிய ஆராய்ச்சியும் இல்ல சார், சட்டப் புத்தகத்துலயும் சட்டசபைக் குறிப்புலயும் இருக்கிறது. 2019 ஜூன்ல கவர்னர் நியூஸம் மாநிலத்து சார்பா மன்னிப்பு கேட்டப்ப, இது இனப்படுகொலை தான், வரலாற்றுப் புத்தகத்துல அப்படித்தான் எழுதணும்னு அவரே சொன்னாரு.

இப்ப நம்ம ஆளுங்க கதைக்கு வரேன். எங்க ஏரியா அம்மாக்கள் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு தடவை இந்தப் பேச்சு வந்துச்சு. ஒருத்தங்க சொன்னாங்க, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இந்தச் சாவுக் கணக்கெல்லாம் எதுக்கு, பயந்துடும்னு. இன்னொருத்தங்க, இது வெள்ளைக்காரங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பிரச்சனை, நாம பொழைக்க வந்தவங்க, நமக்கெதுக்குப்பா, மேத்ஸ்ல அட்வான்ஸ்டு கிளாஸ் எப்ப வரும் அதக் கேளுங்கன்னு. பத்து தம்ப்ஸ் அப் விழுந்துச்சு அதுக்கு.

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்றேன். பொழைக்க வந்தவங்க தான், யாரும் நம்மள குத்தவாளின்னு சொல்லல. ஆனா நாம கடன் கட்டுற வீடு எந்த மண்ணு மேல நிக்குது, அது எப்படி விக்கிற பொருளாச்சுங்கிறது நம்ம பத்திரத்தோட முன்கதை தானே. ஊர்ல ஒரு சென்ட் வாங்கினாலும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்குறவங்க நாம, இங்க மட்டும் எனக்கெதுக்குன்னா எப்படி. அதுவும் போக, பாடத்தைப் படிக்கிறது நம்ம பிள்ளைங்க, இந்த ஊர் நாலாங்கிளாஸ்ல போய் எட்டிப் பாத்தா பாதி பெஞ்சுல நம்ம பிள்ளைங்க தான். அவங்க படிக்கிறது அரைகுறையா இருந்தா யாரு கேக்கணும்?

முதல் கேள்வி நியாயமானது, அத நான் தள்ளிவிட மாட்டேன். சின்னப் பிள்ளைகிட்ட எத எப்ப எவ்ளோ சொல்லணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா பயமுறுத்தாம சொல்றதுக்கும் பொய் சொல்றதுக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்கு பாருங்க. என்னைக் கேட்டா சாவு எண்ணிக்கைய விட ஆளுங்களைச் சொல்லணும், பேரோட, அவங்க என்ன முடிவு எடுத்தாங்கன்னு சொல்லணும். இந்தப் பாடத்துல குறையிறதும் அது தான். பழைய பாடத்துல அவங்க சிரிச்சுக்கிட்டு வேலை செய்வாங்க, புதுப் பாடத்துல அழுதுக்கிட்டே செத்துப் போவாங்க, ரெண்டுலயும் அவங்க யோசிக்கிறதே இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன், இதே ஃப்ரீமான்ட் மிஷன்ல இருந்த ஆளு. பொறந்த பேரு குகுனுச்சி, உள்நாட்டு சமவெளியில இருக்கிற யோகுட்ஸ் மக்கள்ல ஒருத்தர். மிஷனுக்கு வந்தப்புறம் வச்ச பேரு எஸ்தானிஸ்லாவ். நல்லா படிச்சவர், எழுதத் தெரியும், மிஷன்லயே அல்கால்தேன்னு சொல்ற மேஸ்திரி மாதிரியான பொறுப்புக்கு வந்துட்டாரு, அதாவது அந்த சிஸ்டத்துல ஒரு பூர்வகுடி ஆளுக்கு கிடைக்கக் கூடிய பெரிய பதவி. 1827, 28 வாக்குல ஊருக்குப் போன மனுஷன் திரும்ப வர மாட்டேன்னுட்டாரு. அவரோட சேந்து நூத்துக்கணக்குல ஆளுங்க போயிட்டாங்க, மத்த மிஷன்லேர்ந்தும் வந்து சேந்தாங்க. அப்ப இங்க மெக்ஸிகோ ஆட்சி. பிடிச்சுட்டு வர படை போச்சு, ஆத்தங்கரை காட்டுல பள்ளம் தோண்டி மரத்தைக் குத்தி வச்சு கோட்டை மாதிரி கட்டி அடிச்சுத் துரத்தினாரு. 1829ல மறுபடியும் படை, அதுவும் நடக்கல. அப்புறம் மரியானோ வயேஹோங்கிற இளம் அதிகாரி நூறு சொச்சம் சோல்ஜரும் பீரங்கியும் எடுத்துக்கிட்டு போய் காட்டுக்கே தீ வச்சாரு. அதுலயும் எஸ்தானிஸ்லாவ் பிடிபடல. கடைசியா அவரே மிஷனுக்கு வந்து அதை நடத்தின பாதிரியார் துரான் கிட்ட பேசி மன்னிப்பு வாங்கிக்கிட்டாரு. எந்த துரானை விட்டுட்டு ஓடினாரோ அதே துரான் கிட்ட. அந்தச் சண்டையில பிடிபட்டவங்களை சோல்ஜர்ங்க கொன்னதை விசாரிக்கணும்னு கேட்டதும் அதே துரான் தான். யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு ஒரு வரியில சொல்லுங்க பாப்போம். ஒன்பது வயசுப் பிள்ளை இந்தக் கதைய கேட்டா எவ்ளோ கேள்வி கேக்கும், ஏன் ஓடினாரு, ஏன் திரும்பி வந்தாரு, அந்தப் படையில மத்த பூர்வகுடி ஆளுங்களும் இருந்தாங்களாமே அவங்க ஏன் போனாங்க. வரலாறு படிக்கிறதுன்னா இந்தக் கேள்வி தானே.

அவர் பேர்ல தான் ஸ்டானிஸ்லாஸ் ஆறும் ஸ்டானிஸ்லாஸ் கவுன்ட்டியும். லாங் வீக்கெண்டுல புளியோதரைய கட்டிக்கிட்டு யோசெமிட்டி தேசிய பூங்காவுக்குப் போற நம்ம கூட்டம் மொத்தமும் ஓக்டேல் வழியா அந்த ஆத்தைத் தொட்டு தான் போகுது. போய்ச் சேர்ற யோசெமிட்டி மட்டும் என்ன, 1851ல மாரிபோசா பட்டாலியன்னு ஒரு படை அங்க இருந்த அவனீச்சீ மக்களைத் துரத்திக்கிட்டு தான் அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சுது, அவங்க தலைவர் பேரு டெனாயா, மேல மலையில டெனாயா லேக்ல நின்னு நாம செல்ஃபி எடுக்குறோமே அவரு தான்.

தெக்க லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தொய்பூரினான்னு ஒரு பொண்ணு, டோங்வா இனம், 1785ல சான் கேப்ரியல் மிஷனைத் தாக்க திட்டம் போட்டவங்கள்ல முக்கியமானவங்க, இருபத்தஞ்சு வயசு வாக்குல. விஷயம் முன்னாடியே தெரிஞ்சு பிடிபட்டு, வடக்க நாடு கடத்திட்டாங்க. என் பொண்ணு நாலாங்கிளாஸ் முடிச்சு வந்தப்ப அவளுக்கு இந்தப் பேரு தெரியாது, ஹூனிப்பேரோ சேரா பேரு தெரியும், மிஷன்களை ஆரம்பிச்ச பாதிரியார், 2015ல போப் வந்து புனிதர் பட்டம் குடுத்தாரு. சேராவை எடுத்துடுங்கன்னு நான் சொல்லல. அவரும் இருக்கட்டும், தொய்பூரினாவும் இருக்கட்டும், அவரோட மிஷன் ஏற்பாட்டை இவங்க எதிர்த்து நின்ன ஊரு எப்படி இருந்துச்சுன்னு சொல்லிக் குடுங்க. அதே மாதிரி வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்க தேனும் பாலும் ஓடிச்சு, சண்டையே இல்லன்னு ஒரு புதுக் கதையும் வேணாம், அங்கயும் ஊருக்கு ஊரு பகை இருந்துச்சு. அதையும் மறைக்காம சொன்னா தான் அவங்க மனுஷங்களா தெரிவாங்க.

முக்கியமா இன்னொரு விஷயம், இந்தப் பாடம் நாலாங்கிளாஸ்ல மிஷனோட ஆரம்பிச்சு கோல்ட் ரஷ்ஷோட பூர்வகுடிங்க காணாம போயிடுவாங்க. பிள்ளைங்க கிட்ட கேட்டா ஓலோனி மக்கள் “இருந்தாங்க”ன்னு தான் சொல்லுது. 1925ல பெர்க்லி பேராசிரியர் ஒருத்தர் இந்தக் கூட்டம் கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சுன்னு புத்தகத்துல எழுதினாரு, ரெண்டு வருஷத்துல அரசாங்கமும் அவங்களை நிலம் குடுக்க வேண்டிய பட்டியல்லேர்ந்து விட்டுடுச்சு, அதே மக்களோட பேரன் பேத்திங்க முவெக்மா ஓலோனிங்கிற பேர்ல எங்களை அங்கீகரிங்கன்னு இன்னைக்கும் கேட்டுக்கிட்டு இருக்காங்க, 2024ல சான் ஃப்ரான்சிஸ்கோலேர்ந்து வாஷிங்டன் வரைக்கும் குதிரையில போய்க் கேட்டாங்க. கூட வேலை பாக்குறவங்கள்லயே ஓலோனி யாராவது இருக்கலாம், யாரும் இறகு வச்சுக்கிட்டு ஆபீஸ் வர மாட்டாங்க.

எங்க ஊர்ல கொயோட்டி ஹில்ஸ்னு ஒரு பார்க், உப்பளத்தை ஒட்டி, அங்க பழைய ஓலோனி ஊர் இருந்த இடத்தை பாதுகாத்து வச்சிருக்காங்க. கோரைய கட்டுக் கட்டா கட்டி செஞ்ச குடிசையும் படகும் எப்படின்னு காட்டுவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஓலோனி குடும்பங்களே வந்து கூடுற நாள் வைப்பாங்க. அங்க ஒரு ஓலோனி அம்மா ஓக் கொட்டைய கல்லுல இடிச்சு மாவாக்கி, தண்ணி ஊத்தி ஊத்தி வடிச்சு துவர்ப்பு எடுக்குறதை கிட்ட நின்னு பாத்தேன், எங்க பாட்டி பஞ்ச காலத்துல மாங்கொட்டைப் பருப்பை ஊற வச்சு துவர்ப்பு போக்கி கூழ் காய்ச்சுவாங்கன்னு சொன்னது அப்படியே அது தான். முதல் தண்ணி டீ கலர்ல போச்சு, நாலஞ்சு தடவைக்கு அப்புறம் தெளிஞ்சுது. என் பொண்ணு இதுக்கு எத்தனை நேரம் ஆகும், சலிச்சுக்க மாட்டாங்களான்னு கேட்டா, அதுக்கு அந்தம்மா எங்க அத்தைகிட்ட பேசிக்கிட்டே செய்வேன் நேரம் தெரியாதுன்னாங்க. ஒரு டெர்ம் முழுக்க ஸ்கூல்ல நடத்தினதுல ஏறாதது அந்த அரை மணி நேரத்துல ஏறிச்சு.

அந்தத் தீ விஷயத்தையும் சொல்லிடறேன். 2020 செப்டம்பர்ல காட்டுத் தீ புகையில எங்க ஊர் வானம் காலையிலேயே ஆரஞ்சு கலர்ல இருட்டிக் கிடந்துச்சு, ஊர்லேர்ந்து எல்லாரும் போன் பண்ணிக் கேட்டீங்க. அதுக்கப்புறம் இங்க அதிகாரிங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க, அளவா அப்பப்ப கொளுத்தி விடுற பழைய முறைய நிறுத்தினதும் ஒரு காரணம், பூர்வகுடி ஆளுங்களைக் கூப்பிட்டு கத்துக்கணும்னு. 1793ல போட்ட தடை உத்தரவுக்கும் நம்ம வீட்டு ஏர் ப்யூரிஃபையருக்கும் சம்பந்தம் இருக்குன்னு நாலாங்கிளாஸ் டீச்சர் சொன்னா எந்தப் பிள்ளை தூங்கும்?

சட்டம்னு பாத்தா கலிஃபோர்னியா மோசமில்ல. ஜேம்ஸ் ராமோஸ்னு ஒரு எம்எல்ஏ, மாநில சட்டசபைக்கு ஜெயிச்சு வந்த முதல் கலிஃபோர்னியா பூர்வகுடி ஆளு, அவர் கொண்டு வந்து 2024ல நிறைவேறின சட்டப்படி அடுத்த தடவை பாட வழிகாட்டிய திருத்துறப்ப மிஷன் காலத்தையும் கோல்ட் ரஷ்ஷையும் நடத்துறதுல பூர்வகுடி மக்களுக்கு நடந்ததும் அவங்க பார்வையும் வரணும். மொன்டானா இதுல நமக்கு ரொம்ப முன்னாடி, 1972லயே மாநில அரசியல் சட்டத்துல எழுதி 1999ல எல்லா ஸ்கூலுக்கும் சட்டமா ஆக்கிட்டாங்க. ஆனா டெல்லி ஒண்ணு சொல்லும் மாநிலம் ஒண்ணு சொல்லும்ங்கிறது நமக்குப் பழகின கதை தானே, இங்கயும் அப்படித்தான். 2024 அக்டோபர்ல பைடன் அரிசோனாவுக்குப் போய், பூர்வகுடிப் பிள்ளைங்களை குடும்பத்துலேர்ந்து பிரிச்சு போர்டிங் ஸ்கூல்ல போட்டு மொழிய மறக்கடிச்சதுக்கு நாட்டு சார்பா மன்னிப்பு கேட்டாரு, குறைஞ்சது 973 பிள்ளைங்க அந்த ஸ்கூல்கள்ல செத்தாங்கன்னு அரசாங்கமே எண்ணி சொல்லிச்சு. அஞ்சு மாசம் கழிச்சு, 2025 மார்ச்ல வெள்ளை மாளிகைலேர்ந்து வேற உத்தரவு, பழைய அமெரிக்கர்களைக் குறைச்சுக் காட்டுற வாசகம் தேசிய பூங்காவுலயும் நினைவிடத்துலயும் இருக்கக் கூடாதுன்னு. அப்படி எதாவது கண்ணுல பட்டா தெரிவிங்கன்னு பூங்காவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா எல்லாரும் கூட்டிட்டுப் போவோமே மியூர் வுட்ஸ், அங்க பழைய போர்டு மேலயே, இந்தக் காட்டை முதல்ல பாத்துக்கிட்டவங்க கோஸ்ட் மிவோக் மக்கள், விட்டுப் போச்சு சேத்துக்கிறோம்னு சின்னச் சின்ன குறிப்பா ஒட்டி வச்சிருந்தாங்க, நல்லா இருந்துச்சு, அந்த வருஷமே எடுத்துட்டாங்க. பாடப் புத்தகம் மாநிலத்து கையில இருக்கிறதால இப்போதைக்கு தப்பிச்சுது.

அதனால இங்க இருக்கிற தமிழ் பெத்தவங்களுக்கு உங்க பேப்பர் வழியா ஒண்ணு கேக்குறேன், நிறைய பேர் ஆன்லைன்ல உங்க பேப்பரைத் தான் படிக்கிறாங்க. ஸ்கூல் போர்டு மீட்டிங்ல நம்ம ஆளுங்க மேத்ஸ் பிரச்சனைன்னா ஹால் நிறைய வந்து ஆளுக்கு ரெண்டு நிமிஷம் மைக் பிடிச்சுப் பேசுறாங்க, அதுல பலனும் கிடைச்சிருக்கு. அதே மைக்ல நாலாங்கிளாஸ் டீச்சருக்கு மிஷன் பாடத்துக்கு என்ன புத்தகம் குடுத்திருக்கீங்க, ட்ரெய்னிங் உண்டா, உள்ளூர் ஓலோனி ஆளுங்களைக் கூப்பிட்டு பேச வைக்க பணம் ஒதுக்கி இருக்கீங்களான்னு ஒருத்தர் கேட்டா போதும். டீச்சருங்களைக் குத்தம் சொல்லாதீங்க, ஒரே ஆளு கணக்கு இங்கிலீஷ் சயின்ஸ் எல்லாம் நடத்துறாங்க, கையில நல்ல புத்தகத்தைக் குடுத்தா நடத்தத் தான் போறாங்க. சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளி நடத்துறவங்க வருஷா வருஷம் பிக்னிக்னு ஒரு பார்க் தேடுவீங்க, கொயோட்டி ஹில்ஸ்ல முன்கூட்டி சொன்னா பார்க் ஆளுங்களே பிள்ளைங்களுக்கு சுத்திக் காட்டுவாங்க, கார் பார்க்கிங்குக்கு மட்டும் கொஞ்சம் காசு எடுத்துட்டுப் போங்க, மத்தியானத்துக்கு மேல காத்து பயங்கரமா அடிக்கும், தொப்பி பறந்துடும்.

இப்படிக்கு,
ஃப்ரீமான்ட் வாசகி ஒருத்தி,
கலிஃபோர்னியா